கேனை அறுத்துச் செய்த தட்டுகள்

ஆட்டுக்கால் வாட்டும் தட்டில் ஃபிலிம் டெவலப் செய்யலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நான் செய்து பார்த்து மூக்குடைபட்டவள். எங்கள் வீட்டு எனாமல் தட்டில் ஒரு மூலை பெயர்ந்து இரும்பு தெரிந்தது. மருந்தை ஊற்றிய கொஞ்ச நேரத்தில் அது டீத்தண்ணீர் நிறத்துக்கு மாறிவிட்டது. சோடாப்பொடி போட்டு எத்தனை தேய்த்தும் பழைய கொழுப்பு மேலே மிதந்தது. அடுப்படி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த அஸேன், என் தங்கை புருஷன், வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை.

"மதினி, இன்னைக்கு என்ன, போட்டோ வறுவலா? தொட்டுக்க ரொட்டி வாங்கிட்டு வரட்டா?"

"ரொட்டி கிடைச்சா முதல்ல வாங்கிட்டு வா. அப்புறம் பேசு."

அந்தக் குளிர்காலத்தில் எங்கள் ஊரில் ரொட்டிக்கு வரிசை, பாலுக்கு வரிசை, வெறுமனே வரிசை நிற்கிறதே என்று அதிலும் போய் நிற்பவர்களின் வரிசை. கடைகளில் உப்பும் வினிகரும் தவிர அலமாரியெல்லாம் காலி. அணையில் தண்ணீர் இல்லை என்று குழாயை வேறு முறை வைத்துத் திறந்தார்கள். காலையில் கொஞ்ச நேரம் வரும். அதற்குள் குளியல் தொட்டி, ஊறுகாய் ஜாடி, பால் பாட்டில், பூ வைக்கும் குவளை என்று பிடித்து வைத்துக்கொள்ள வேண்டும். எங்கள் அடுக்குமாடியில் யார் வீட்டுக்குள் நுழைந்தாலும் தண்ணீரைத் தாண்டித்தான் நடக்க வேண்டும்.

என் வேலையும் அந்த வருஷம்தான் போயிற்று. ஊர் ஸ்டூடியோவில் கல்யாண ஜோடிகளையும் பாஸ்போர்ட் முகங்களையும் எடுத்தே என் பாதி ஆயுள் கழிந்திருந்தது. ஒரு நாள் ஸ்டூடியோ மூடியாயிற்று என்று கதவில் காகிதம் ஒட்டிவிட்டுப் போய்விட்டார்கள். உள்ளே இருந்ததையெல்லாம் வந்தவனுக்கு வந்த விலைக்குத் தள்ளினார்கள். வெள்ளை, சிவப்பு, சாம்பல் என்று நிறம் பிரித்து வைத்திருந்த நல்ல தட்டுகளை ஒருத்தன் கோழிக்குத் தீனி வைக்க வாங்கிப் போனான். மரக் கேமராவை மட்டும் எவனும் சீந்தவில்லை. அதை நான் தோளில் தூக்கி வந்தேன். கூடவே ஒரு அட்டைப் பெட்டி. அதில் மிச்சமிருந்தது இரண்டே இரண்டு தாள் ஃபிலிம். சுருள் ஃபிலிம் இல்லை இது. பெரிய கேமராவுக்கானது, தபால் அட்டையைவிடப் பெரியது, ஒரு தாளுக்கு ஒரு படம். அந்தத் தாள்களைத்தான் நான் வீட்டில் டெவலப் செய்ய வேண்டியிருந்தது. அதற்குத்தான் தட்டு.

எதற்கு இந்தப் பாடு என்றால், மலினாவுக்காக.

மலினா என் தங்கை இஸ்க்ராவின் மகள். கோடையில் பிறந்தாள். எங்கள் பக்கத்தில் ஞானஸ்நானம் ஆகும் வரை பிள்ளையைப் படம் எடுக்க மாட்டோம், கண் பட்டுவிடும். இஸ்க்ரா அந்த விஷயத்தில் ரொம்பக் கண்டிப்பு. பிள்ளையின் மணிக்கட்டில் சிவப்பு நூல், தொப்பியில் நீல மணி, யார் எட்டிப் பார்த்தாலும் மூன்று தடவை துப்பு. அப்போது ஸ்டூடியோ நடந்துகொண்டிருந்தது. ஃபிலிமும் இருந்தது. "அவசரம் என்ன அக்கா, ஞானஸ்நானத்துக்கு நல்லா எடு, வெள்ளைச் சட்டை போட்டு" என்றாள். ஞானஸ்நானத்துக்கு நாள் குறித்த வாரம் பிள்ளையின் உதடு நீலமாயிற்று. அவசர அவசரமாகப் பாதிரியார் வீட்டுக்கே வந்து ஒரு கிண்ணத் தண்ணீரில் காரியத்தை முடித்தார். அந்தப் பதற்றத்தில் படம் யாருக்கு ஞாபகம் இருந்தது? அன்றைக்கே தலைநகர் சோஃபியாவுக்குக் கொண்டுபோனார்கள். இதயத்தில் ஓட்டை. இலையுதிர் காலம் முழுக்க இஸ்க்ரா அங்கே ஆஸ்பத்திரி நாற்காலியில் தூங்கினாள். பனி விழத் தொடங்கியபோது டாக்டர் அவளைத் தனியாகக் கூப்பிட்டு, வீட்டுக்குக் கொண்டுபோங்கள் என்று சொல்லிவிட்டார். நல்ல மனுஷன்தான். முகத்தைப் பார்த்துத்தான் சொன்னாராம்.

வீட்டுக்கு வந்த நாளில் இஸ்க்ரா அழவில்லை. பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்து ஏதோ முணுமுணுத்துக்கொண்டே இருந்தாள். பாட்டு என்றும் சொல்ல முடியாது. அது நிற்கவே இல்லை. சாப்பிடும்போது மட்டும் நிறுத்தினாள், அப்படி ஒரு சமயத்தில்தான் என்னிடம் சொன்னாள்.

"அக்கா, இவ முகம் எனக்கு மறந்துபோயிரும்."

"பைத்தியமா உனக்கு? பெத்தவளுக்கு மறக்குமா?"

"மறந்துரும். அப்பா முகம் எனக்கு எங்க ஞாபகம் இருக்கு? சுவத்துல இருக்கிற படம்தான் ஞாபகம் இருக்கு. இவளுக்கு அதுவும் இல்ல." சூப்பில் கரண்டியைப் போட்டு வைத்துவிட்டாள். "கண்ணு முழிச்சிருக்கிற மாதிரி ஒண்ணு எடுத்துக் குடு. பெட்டியில கிடக்கிற மாதிரி வேண்டாம். எங்கிட்ட அதைக் காட்டக்கூடக் கூடாது."

செத்தவர்களைச் சவப்பெட்டியோடு எடுப்பது எங்கள் ஊர் வழக்கம். நானே எத்தனையோ எடுத்திருக்கிறேன், நல்ல வெளிச்சத்தில், பூ வைத்து. அதைத்தான் சொன்னாள். சரி என்றேன். வேறென்ன சொல்ல முடியும்? ஊரில் நாலு பேரிடம் சின்னக் கேமரா இருந்தது, ஃபிலிம் ஒருவரிடமும் இல்லை. மாவட்டத் தலைநகரில் ஸ்டூடியோ உண்டு. ஆனால் அந்தப் பனியில் அந்தப் பிள்ளையை எந்தப் பஸ்ஸில் ஏற்றுவது? எங்களிடம் இருந்தது இரண்டு தாளும் என் கையும்தான்.

ஆட்டுக்கால் தட்டு காலை வாரியதும் குளிர்பெட்டியின் காய்கறி இழுப்பறையைக் கழற்றினேன். நல்ல பிளாஸ்டிக், ஆனால் அகலம். அதில் தாள் மூழ்க வேண்டுமென்றால் ஒரு வாளி மருந்து வேண்டும். என்னிடம் இருந்தது ஒரு ஜாடி. பிறகு தரைவிரிப்பு லினோலியத்தில் ஒரு துண்டு வெட்டி நாலு பக்கமும் மடித்து, மூலைக்கு மூலை துணிக்கிளிப் போட்டுப் பார்த்தேன். பார்க்க அழகாகத்தான் இருந்தது. தண்ணீர் ஊற்றியதும் அஸேனின் செருப்புக்குள் போய்விட்டது.

"மதினி, காலைக் கழுவிவிடணும்னா சொல்லிட்டுச் செய்யுங்க."

ஆனால் வழி சொன்னதும் அவன்தான். முட்டைக்கோஸ் ஊறப்போடும் உப்புத்தண்ணீர் வைத்திருக்கும் தட்டையான பிளாஸ்டிக் கேனை எடுத்து வந்து மேசைமேல் படுக்கப் போட்டான். "இதை நடுவுல அறுத்தா ரெண்டு தட்டு" என்றான். கத்தியை அடுப்பில் காய்ச்சிக் காய்ச்சி நீளவாக்கில் அறுத்தான். வீடெல்லாம் புகை, நாற்றம். அந்தப் புகையில் பிள்ளை இருமினால் என்ன செய்வது என்று நான் கத்த, அவன் பாதிக் கேனைத் தூக்கிக்கொண்டு மாடிப்படிக்கு ஓடி அங்கே உட்கார்ந்து அறுத்தான். நாற்றம் பிடித்துக்கொண்டு கீழ்வீட்டு ஸ்பாஸ்கா அத்தை ஏறி வந்துவிட்டாள்.

ஸ்பாஸ்கா அத்தையைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் கட்டடத்தில் பிள்ளை பிறந்தாலும் ஆள் செத்தாலும் முதலில் வந்து நிற்பவள் அவள். யாரும் கூப்பிட வேண்டியதில்லை. எந்தச் சடங்கில் எதை முதலில் செய்வது என்பதில் பாதிரியாருக்கே சந்தேகம் வந்தால் அவளைத்தான் பார்ப்பார். இடுப்பில் கை வைத்து அஸேனைப் பார்த்தாள்.

"என்னடா பண்ற? கேனுக்கு ஆபரேஷனா?"

"பிள்ளை படத்துக்குத் தட்டு, அத்தை. இன்னும் ஒண்ணு வேணும். மூணு தட்டு இல்லாம மதினிக்கு ஓடாதாம்."

அவள் இறங்கிப் போய், தன் கேனில் இருந்த ராக்கியா சாராயத்தைப் பாட்டில்களில் ஊற்றிவிட்டு, கேனைக் கொண்டுவந்து அவன் முன்னால் வைத்தாள். "அறு. என் புருஷன் கேட்டா நான் குடிச்சிட்டேன்னு சொல்லிக்கிறேன்" என்றாள்.

இப்படி மூன்று தட்டு ஆயிற்று. தட்டையான அடியில் ஃபிலிம் பசைபோல ஒட்டிக்கொள்ளும், மருந்து கீழே போகாது. அதற்காக ஸ்வெட்டர் பின்னும் ஊசியைக் காய்ச்சி, அடிப்புறத்திலிருந்து அழுத்தி, உள்ளே வரப்பு வரப்பாக எழுப்பினேன். மூன்றும் ஒரே வெள்ளை, ஒரே அளவு. இருட்டில் எது எதென்று தெரிய வேண்டுமே. முதல் தட்டின் விளிம்பில் ஒரு வெட்டு, அதில் டெவலப்பர். இரண்டாவதில் இரண்டு வெட்டு, அதில் வினிகர் கலந்த தண்ணீர். மூன்று வெட்டு போட்டது ஃபிக்ஸர், படத்தை நிறுத்தி வைக்கும் உப்பு. கண்ணை மூடிக்கொண்டு கெட்டுப்போன பழைய தாளை வைத்துப் பழகினேன். அஸேன் தட்டுகளை இடம் மாற்றி வைத்துச் சோதித்தான். ஒரு தடவைகூட நான் ஏமாறவில்லை. அவனே கடைசியில், "கில்லாடிதான் மதினி நீங்க" என்றான். அந்த மூன்று தட்டுகளையும் வரிசையாக வைத்துப் பார்த்தபோது எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. பெருமைப்பட வேறு எதுவும் அந்த வீட்டில் அப்போது இல்லை.

சனிக்கிழமை மதியம் வெயில் வந்தது. பனியில் பட்டுத் திரும்பிய வெளிச்சம் அறை முழுக்க நிறைந்தது. இஸ்க்ரா பிள்ளைக்கு வெள்ளைச் சட்டை போட்டுத் தலையணையில் சாய்த்தாள். நீயும் கூட உட்காரு என்றேன். மாட்டேன் என்றாள். "எனக்கு அவ மட்டும் போதும்."

என் லென்ஸ் மெதுவானது. வளர்ந்தவர்களையே மூச்சுப் பிடிக்கச் சொல்லித்தான் எடுப்பேன். கைக்குழந்தைகள் எப்போதும் ஆடிவிடும், ஸ்டூடியோவில் பாதித் தாள் அவர்களால்தான் வீணாகும். மலினா ஆடவில்லை. ஆடுவதற்குத் தெம்பு இல்லை அவளுக்கு. நான் சாவிக்கொத்தை லென்ஸுக்குப் பக்கத்தில் குலுக்கினேன். கண்ணைத் திருப்பி என்னைப் பார்த்தாள், நேராக, என்ன செய்கிறாய் என்று கேட்பதுபோல. இரண்டு தாளையும் அடுத்தடுத்து எடுத்தேன். முடிந்ததும் இஸ்க்ரா அவளை அள்ளி மடியில் போட்டுக்கொண்டு மறுபடி முணுமுணுக்கத் தொடங்கினாள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. குழாயில் தண்ணீர் வந்து நின்றதும் வேலையைத் தொடங்கினேன். தொட்டி நிறைய தண்ணீர், அதன்மேல் துணி தேய்க்கும் பலகை, பலகைமேல் மூன்று தட்டு. குளியலறைக் கதவிடுக்கில் கம்பளி அடைத்தேன். அஸேன் ரொட்டி வரிசைக்குப் போயிருந்தான். சுவருக்கு அந்தப் பக்கம் இஸ்க்ராவின் முணுமுணுப்பு கேட்டுக்கொண்டிருந்தது.

விளக்கை அணைத்துவிட்டுத் தாள்களை உறையிலிருந்து எடுத்தேன். முதல் தட்டில் இரண்டையும் இறக்கி, அடியில் இருப்பதை மேலே, மேலே இருப்பதை அடியில் என்று மாற்றிக்கொண்டே இருந்தேன். மருந்தின் சில்லிப்பில் விரல் மரத்தது. நகம் பட்டால் கீறிவிடும், அதனால் முந்தின நாளே நகத்தை ஒட்ட வெட்டியிருந்தேன். வரப்புகள் தங்கள் வேலையைச் செய்தன, ஒரு தாளும் ஒட்டவில்லை. பிறகு வினிகர். பிறகு மூன்று வெட்டுத் தட்டு. ஃபிக்ஸர் பழைய சரக்கு, வீரியம் குறைவு. பொறுமையாக விட்டுத்தான் எடுக்க வேண்டும். ஆனாலும் கொஞ்சம் பொறுத்து விளக்கைப் போட்டு ஒரு தாளைத் தூக்கிப் பார்த்தேன்.

வந்திருந்தாள். நெகட்டிவில் எல்லாம் மாறித்தான் தெரியும், முகம் கறுப்பு, கண்மணி வெளுப்பு. பழகிய கண்ணுக்கு அதெல்லாம் ஒரு பொருட்டில்லை. மூக்கு, மேலுதட்டின் சின்ன மடிப்பு, காதோரம் ஒட்டிய முடி, எல்லாம் ஊசிமுனைபோல் தெளிவு. கண் முழித்து என்னைப் பார்த்தாள். இரண்டாவது தாள் அதைவிட நன்றாக இருந்தது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது, அதை ஏன் மறைக்க வேண்டும்? ஓரங்களில் மட்டும் இன்னும் பால்போல மங்கல் இருந்தது. அது போகட்டும் என்று இரண்டையும் மறுபடி தட்டில் அமிழ்த்தினேன். கையைத் துடைத்துக்கொண்டு இஸ்க்ராவைக் கூப்பிட்டுக் காட்டலாம் என்று நினைத்தபோதுதான் முணுமுணுப்பு நின்றிருப்பது தெரிந்தது.

"அக்கா" என்று கூப்பிட்டாள். உப்பு எடுத்து வா என்று கூப்பிடுகிற குரல்தான்.

போய்ப் பார்த்தேன். மலினா அவள் மடியில் அப்படியே கிடந்தாள். தொட்டுப் பார்க்க வேண்டியிருக்கவில்லை.

"மெழுகுவர்த்தி ஏத்தி அவ கையில வைக்கக்கூட இல்லக்கா" என்றாள் இஸ்க்ரா. "கையில ஒரு வெளிச்சம் இல்லாமப் போயிட்டா."

அவளைக் கட்டிக்கொண்டு எவ்வளவு நேரம் இருந்தேனோ தெரியாது. பிறகு மூளை வேலை செய்யத் தொடங்கியது. அஸேனைக் கூட்டிவர வேண்டும். டாக்டரைக் கூட்டிவந்து சாவுக் காகிதம் எழுத வைக்க வேண்டும். குளியலறைக்குள் எட்டிப் பார்த்தேன். ஃபிக்ஸரில் தாள் கூடக் கொஞ்ச நேரம் கிடந்தால் ஒன்றும் ஆகாது. செய்தித்தாளால் தட்டை மூடினேன், கதவைச் சாத்தினேன், கோட்டை மாட்டிக்கொண்டு இறங்கினேன். வழியில் கீழ்வீட்டுக் கதவைத் தட்டி, "அத்தை, மலினா போயிட்டா, மேல போயி இஸ்க்ராகூட இருங்க" என்றேன். ஸ்பாஸ்கா அத்தை கையிலிருந்த மாவைக்கூடத் துடைக்காமல் படியேறினாள். அவள் இருக்கிறாளே என்று எனக்கு அப்போது தெம்பாக இருந்தது.

டாக்டர் வீட்டில் இல்லை, அவரும் ரொட்டி வரிசையில் நின்றார். அஸேனுக்கு நாலு ஆள் பின்னால். நான் தெருமுனையில் வருவதைப் பார்த்ததுமே அஸேனுக்குத் தெரிந்துவிட்டது. வரிசையை விட்டு வெளியே வந்தான். யாரோ ஒரு பெண் தன் ரொட்டியை அவன் கையில் திணித்தாள். அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு எனக்கு முன்னால் நடந்தான். டாக்டர் பையை எடுத்துக்கொண்டு பின்னால் வருவதாகச் சொன்னார்.

எங்கள் கட்டடத்தின் படியில் ஏறும்போது சுவருக்குள் ஓடும் குழாயில் தண்ணீர் இறங்கும் சத்தம் கேட்டது. சளசளவென்று, விடாமல், தொட்டி தொட்டியாக. தண்ணீர் முறை வைத்த அந்தக் குளிர்காலத்தில் அப்படித் தண்ணீர் கொட்ட எந்த வீட்டுக்கும் மனம் வராது, ஒரே ஒரு காரணத்துக்குத் தவிர. ஆள் செத்தால் வீட்டில் பிடித்து வைத்த தண்ணீரை ஒரு துளி விடாமல் கொட்ட வேண்டும். போகிற உயிர் அதில் முங்கிக் குளித்துவிட்டுப் போகும், அதை மிச்சம் வைத்தால் அடுத்த சாவுக்கு அழைப்பு வைத்தமாதிரி. வேறு யார் வீடாக இருந்தாலும் நானே முதல் ஆளாகக் குவளையைக் கவிழ்த்திருப்பேன். ஆனால் அந்தச் சத்தத்தைக் கேட்டதும் எனக்குத் தொட்டிமேல் வைத்த தட்டுகள் ஞாபகம் வந்தன. அஸேனைத் தள்ளிவிட்டு மேலே ஓடினேன்.

வீடு திறந்து கிடந்தது. ஜன்னலெல்லாம் திறந்து, உள்ளே வெளியைவிடக் குளிர். கண்ணாடிமேல் வெள்ளைத்துணி. ஜாடி, பாட்டில், குவளை எல்லாம் சுவரோரம் கவிழ்ந்து வரிசையாக நின்றன. குளியலறையில் தொட்டி காலி. மூன்று தட்டுகளும் கழுவித் துடைத்து, ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கியிருந்தன.

ஸ்பாஸ்கா அத்தை வந்து என் தோளில் கை வைத்தாள். அழுது அழுது அவள் கண் வீங்கியிருந்தது.

"எல்லாம் ஆச்சு கண்ணு. பிள்ளையைக் குளிப்பாட்டியாச்சு. தண்ணி ஒரு சொட்டு விடாமக் கொட்டிட்டேன்."

"இந்தத் தட்டுல இருந்தது?"

"அதையுந்தான். பேப்பர் போட்டு மூடி வச்சிருந்தியே, என்ன நாத்தம்டி அது, மூக்கு எரிஞ்சிருச்சு." என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கையைத் தட்டிக் கொடுத்தாள். "பயப்படாத, உன் தாளை நான் தூக்கிப் போடுவேனா? பிள்ளை படம் அதுலதான் இருக்குன்னு எனக்குத் தெரியாதா? அந்தக் கண்ட தண்ணியில ஊறி வழவழன்னு கிடந்துச்சு, கையில நிக்கல. பிள்ளையைக் குளிப்பாட்டின வெந்நி மிச்சம் இருந்துச்சு. அதுல சோப்புப் போட்டு ரெண்டு பக்கமும் நல்லாத் தேய்ச்சேன். முதல்ல கறுப்பாச் சாயம் போச்சு, அம்புட்டும் அழுக்கு. இப்பக் கண்ணாடி மாதிரி ஆயிருச்சு. இஸ்க்ரா கையில குடுத்துட்டேன், அவளுக்கு ஒரு ஆறுதலா இருக்கட்டும்னு."

ஃபிலிமில் படம் இருப்பதே அந்த வழவழப்பில்தான். வெறும் பசை அது, ஊறினால் இளகிக் கிடக்கும். கெட்டிப்படுத்த ஃபிக்ஸரில் படிகாரம் சேர்க்க வேண்டும். அந்தக் குளிர்காலத்தில் ஊரில் எந்த மருந்துக்கடையில் படிகாரம் இருந்தது? வெந்நீர் பட்டால் பசை கரையும், தேய்த்தால் சுத்தமாகப் போய்விடும். அடியில் மிஞ்சுவது ஒரு பிளாஸ்டிக் தகடு. இதையெல்லாம் நான் அத்தையிடம் சொல்லவில்லை. அவள் கழுத்தைப் பிடித்து நெரிக்க வேண்டும்போல இருந்தது. அதே சமயம் அவள் மாரில் முகத்தைப் புதைத்து அழ வேண்டும்போலவும் இருந்தது. இரண்டில் எதையும் செய்யாமல் உள்ளே போனேன்.

மேசைமேல் மலினாவைக் கிடத்தியிருந்தார்கள். நேற்றுப் போட்டிருந்த அதே வெள்ளைச் சட்டை. கண் மூடியிருந்தது. தலைமாட்டில் மெழுகுவர்த்தி ஜன்னல் காற்றில் படபடத்தது. இஸ்க்ரா ஜன்னலோரம் தன் வழக்கமான இடத்தில் உட்கார்ந்திருந்தாள். ஒரு தாள் மடியில் கிடந்தது. இன்னொன்றை இரண்டு கையாலும் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். சாய்த்தாள், திருப்பினாள், கிட்டே கொண்டுவந்து பார்த்தாள். அதன் வழியாக எதிர்க்கட்டடத்தின் பனி மூடிய கூரை பளிச்சென்று தெரிந்தது.

"வந்துட்டியாக்கா" என்றாள். "இதை எந்தப் பக்கம் பாக்கணும்? எனக்குப் பிடிபடல."

நான் அவள் கையிலிருந்து அதை வாங்கினேன். ஓரத்தில், மூலையில், எங்கேயாவது ஒரு நிழல் தங்கியிருக்காதா என்று தேடினேன். வெள்ளைச் சட்டையின் விளிம்பாவது தங்கியிருக்கலாம். ஒன்றுமில்லை. அத்தை நன்றாகத்தான் தேய்த்திருந்தாள். மடியில் கிடந்ததையும் எடுத்துப் பார்த்தேன். அதுவும் அப்படித்தான்.

"சொல்லுக்கா. நீதானே தொழில் தெரிஞ்சவ."

"இஸ்க்ரா, அதுல இல்லடா. வந்துச்சு, நான் என் கண்ணால பாத்தேன். கண்ணு முழிச்சிருந்தா. இப்ப இல்ல. போயிருச்சு."

அவள் என்னையே பார்த்தாள். கோபமில்லை. "நீ அழுதுட்டு இருக்க. அதான் உனக்குத் தெரியல" என்று சொல்லி, தாளைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். வாசலில் நின்ற அஸேனைக் கூப்பிட்டாள். "நீ வா. உனக்குக் கண்ணு நல்லாத் தெரியும்ல. நீ பாரு."

அஸேன் கக்கத்தில் ரொட்டியோடு வந்தான். அதைக் கீழே வைக்கக்கூட அவனுக்குத் தோன்றவில்லை. அவளுக்குப் பக்கத்தில் குனிந்து, அந்தத் தாளை ரொம்ப நேரம் பார்த்தான். வாயாடி அவன், எதையும் சும்மா விட்டதில்லை.

"தெரியுது" என்றான்.

"எங்க?"

அவன் கண் என் பக்கம் ஒரு தடவை வந்துவிட்டுப் போனது. நான் வாயை மூடிக்கொண்டு நின்றேன். அவன் விரலை நீட்டித் தாளின் நடுவில் ஓரிடத்தில் வைத்தான்.

"இங்க. இதுதான் கண்ணு."

விரலை எடுத்தான். கண்ணாடிபோலக் கிடந்த தாளில் அந்த இடத்தில் அவன் ரேகை பதிந்திருந்தது. சின்னதாக, வட்டமாக, கோடு கோடாக. இஸ்க்ரா அதைக் கண்ணருகில் கொண்டுபோய்ப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே, மெல்ல, மறுபடியும் முணுமுணுக்கத் தொடங்கினாள்.